பழைய மாணவர் சங்கம் பிறந்த கதை



உங்களில் பலருடைய கைப்பேசியில் பள்ளித் தோழர் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும். பொங்கல் வாழ்த்தோடு நின்றுவிடும் அப்படிப்பட்ட நட்பு ஒரு கல்லூரியையே காப்பாற்றியிருக்கிறது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநில மலைப்பகுதியில் 1793இல் தொடங்கியது வில்லியம்ஸ் கல்லூரி. ஊர் ஒதுக்குப்புறம். 1821இல் கல்லூரித் தலைவர் செபனையா ஸ்விஃப்ட் மூர், மாணவர் சிலருடன் ஆம்ஹெர்ஸ்ட் ஊரின் புதிய கல்லூரிக்குத் தலைவராகப் போய்விட்டார். பழைய கல்லூரி மூடப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. அவ்வாண்டு பட்டமளிப்பு நாளில் பழைய மாணவர்கள் கூடிச் சங்கம் அமைத்தனர். கல்லூரி பிழைத்தது; இன்றும் நடக்கிறது. அந்நாட்டில் இன்றும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களில் மூத்தது அதுவே.

ஆபத்து வந்தால் எல்லோரும் கூடிவிடுவோம். பிறகு தொடர்வதுதான் கடினம். யேல் பல்கலைக்கழகத்தில் அதற்கு வழி கண்டார்கள். 1890இல் தொடங்கிய பழைய மாணவர் நிதிக்கு, அவரவர் இயன்றதை ஆண்டுதோறும் தரலாம். வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. போலத்தான், சிறு தொகையானாலும் தவறாமல் வந்தால் பெருகும்.

உங்கள் குழுவிலும் முகவரிப் பட்டியல், பொறுப்பாளர் ஒருவர், ஆண்டுக்கொருமுறை எல்லோருக்கும் அனுப்பும் வரவு செலவுக் கணக்கு, இம்மூன்றையும் இப்போதே தொடங்குங்கள். உங்கள் பள்ளிக்கு மூடுவிழா அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.