திறக்க மறுத்த நெகட்டிவ்கள்

பிலிம் காமிராக்களின் காலத்தில், எடுத்த படத்தைக் கழுவுவதற்குக் காமிராவைச் செய்த கம்பெனியின் தயவு யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஜப்பானியக் காமிராவில் அமெரிக்கச் சுருளைப் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை எந்த ஊர் ஸ்டூடியோக்காரரும் தம்முடைய இருட்டறையில் கழுவிக் கொடுத்தார். கோடாக் ஸ்தாபனம் 1972இல் அறிமுகம் செய்த சி-41 முறையைப் பிற கம்பெனிகளும் அனுசரித்துத் தங்கள் வண்ணச் சுருள்களைத் தயாரித்தபடியால், நாளடைவில் வண்ணப் படத்துக்கும் அந்தப் பொதுத்தன்மை வந்து சேர்ந்தது. டிஜிட்டல் யுகத்தின் நெகட்டிவ் என்று சொல்லத்தக்க ரா கோப்புக்கு மட்டும் இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. புதிய காமிராவின் ரா கோப்பைப் பழைய மென்பொருள் திறக்க மறுக்கிறது என்பது உலகமெங்கும் புகைப்படக்காரர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வரும் குறை. அந்தக் குறையின் சரித்திரம் விஞ்ஞானத்தைக் காட்டிலும் வியாபாரத்தோடுதான் அதிக சம்பந்தமுடையது என்பது என் திடமான அபிப்பிராயம்.

விஞ்ஞானத்தின் பங்கை முதலில் சொல்லிவிடுவது நியாயம். கோடாக்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிரைஸ் பேயர் என்பவர் வகுத்து, 1976இல் காப்புரிமை வழங்கப்பெற்ற ஏற்பாட்டின்படி, சென்ஸாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு வடிகட்டி மட்டுமே அமைந்திருக்கிறது. புள்ளிகளில் பாதி பச்சையையும், கால்வாசி சிவப்பையும், எஞ்சிய கால்வாசி நீலத்தையும் அறியும். ரா கோப்பில் இருப்பவை இந்தப் புள்ளிகள் கண்ட ஒளியின் அளவுகளே அன்றிப் படம் அன்று. ஜேபெக் படத்தில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தாம் உண்டு. பன்னிரண்டு பிட் ரா கோப்பிலோ 4096 படிகளும், பதினான்கு பிட் கோப்பில் 16,384 படிகளும் இருப்பதனால்தான், நிழலில் மறைந்த முகத்தைப் பிற்பாடு வெளிச்சத்துக்குக் கொண்டுவர முடிகிறது. ஆனால் அந்த எண்களைப் படமாக்க வேண்டுமானால், வடிகட்டிகள் எந்த வரிசையில் அமைந்தவை, கறுப்பு என்பது எந்த எண்ணில் தொடங்குகிறது, அந்தச் சென்ஸார் சிவப்பை எவ்வளவு சிவப்பாகக் காண்கிறது என்பனவெல்லாம் தெரிந்தாக வேண்டும். இவை மாதிரிக்கு மாதிரி வேறுபடுகின்றன. ஆகவே புதிய காமிரா ஒவ்வொன்றையும் அளந்து எழுதிச் சேர்க்கும் வேலை மென்பொருள் செய்பவருக்கு உண்மையிலேயே இருக்கிறது.

ஆனால் காமிராவைச் செய்தவர்களுக்கு இந்த எண்களெல்லாம் முன்பே தெரியும். அவற்றைப் பொதுவான முறையில் கோப்புக்குள்ளேயே எழுதி, அந்த முறையை ஊரறிய வெளியிட்டிருந்தால் பிறருடைய சிரமத்தில் பெரும்பகுதி குறைந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கானன் ஒரு வடிவத்தையும், நிக்கான் வேறொரு வடிவத்தையும், ஃபுஜியும் சோனியும் தத்தமக்கு உரிய வடிவங்களையும் வைத்துக்கொண்டு, விவரங்களை ரகசியமாகவே காத்தன. இந்த நிலையில் 1997இல் டேவ் காஃபின் என்ற அமெரிக்கர், எந்தக் காமிராவின் ரா கோப்பையும் எந்தக் கணினியிலும் படிக்கவல்ல நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். டிசிரா என்ற அந்த நிரல், சி மொழியில், ஒரே மூலக்கோப்பாக அமைந்தது. அதை அவர் இலவசமாக வெளியிட்டார். கம்பெனிகள் சொல்லாததையெல்லாம் கோப்புகளை ஆராய்ந்தே கண்டறிந்து, பல நூறு காமிராக்களை அவர் அதில் சேர்த்த பிரயத்தனம் எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. விலைக்கு விற்கப்பட்ட மென்பொருள்கள் சிலவும் அவருடைய நிரலை ஆதாரமாகக் கொண்டன.

படங்களைத் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருளைத் தம் சகோதரருடன் உருவாக்கிய தாமஸ் நோல், 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ரா கோப்புகளை அதில் திறப்பதற்கென்று காமிரா ரா என்ற துணை மென்பொருளை வெளியிட்டார். முதலில் தனி விலைக்கு விற்கப்பட்ட அது, அதே ஆண்டில் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ். பதிப்போடு இணைந்தது. பழைய பதிப்பு, புதிய காமிரா என்ற வழக்கும் அங்கிருந்துதான் வலுத்தது. ஏனெனில் புதிய காமிராக்களின் பட்டியல் நடப்புப் பதிப்புக்கே தொடர்ந்து சேர்க்கப்பட்டது, முந்தின பதிப்பின் பட்டியல் ஓரிடத்தில் நின்றுபோயிற்று. 2012இல் வந்த சி.எஸ். 6 பதிப்பைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்களுக்கு 2015உடன் அந்தப் பட்டியல் முடிவடைந்தது. அதற்கிடையில் 2013இல், ஃபோட்டோஷாப்பை விற்கும் அடோபி நிறுவனம் இனிப் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கே தருவதென்று அறிவித்துவிட்டிருந்தது. மென்பொருள் கெட்டுப்போகவில்லை, கணினியும் நன்றாகவே இருக்கிறது; புதிய காமிரா ஒன்றை வாங்கிய குற்றத்துக்காக மறுபடியும் பணம் கட்டச் சொல்வது எவ்வகையிலும் முறையன்று.

இந்த மறுப்பு நிகழும் விதத்தையும் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். கோப்புகள் இருக்கும் கோப்புறையில் படம் சிறிய உருவில் அழகாகவே தெரியும். அது காமிரா தானே செய்து கோப்புக்குள் வைத்த ஜேபெக் பிரதி. அதை நம்பித் திறக்கப் போனால், இந்த வகைக் கோப்பு தெரியாதென்று மென்பொருள் கைவிரித்துவிடும். சில சமயங்களில் கோப்பின் அமைப்பு முந்தைய மாதிரியின் அமைப்பேதான்; தலைப்பகுதியில் எழுதியுள்ள மாதிரிப் பெயர் பட்டியலில் இல்லை என்பதே தடை. அத்தகைய கோப்புகளில் புதிய பெயரை அழித்துப் பழைய காமிராவின் பெயரை எழுதித் திறந்து பார்த்தவர்களும் உண்டு. வண்ணம் சற்றுப் பிசகினாலும் படம் திறந்துகொண்டது.

ரகசியத்தின் உச்சம் 2005இல் வெளிப்பட்டது. நிக்கான் டி2எக்ஸ் காமிரா, வெள்ளைச் சமநிலை அளவுகளை மறைகுறியாக்கி எழுதுகிறதென்று தாமஸ் நோல் அவ்வாண்டு ஏப்ரலில் பகிரங்கமாகத் தெரிவித்தார். எந்த ஒளியில் படம் எடுக்கப்பட்டது என்று காமிரா கணித்த சாதாரணச் செய்தியைத்தான், அந்தக் காமிராவின் வரிசை எண்ணையும் அது அதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கையையும் சாவியாக்கிப் பூட்டியிருந்தார்கள். காஃபின் அந்தப் பூட்டையும் திறந்துவிட்டார். நிக்கான் நிறுவனம் தகுதியுள்ள மென்பொருளாளர்களுக்குத் தன் கருவித்தொகுப்பைத் தருவதாகச் சொல்லிற்று. ஆயினும் படத்தை எடுத்தவரே அதன் உடைமையாளர் என்ற வாதம் அவ்வாண்டில் புகைப்படக்காரர்களிடையே உரக்க எழுந்தது, ஓபன்ரா என்ற இயக்கமும் தோன்றியது.

பரிகாரம் என்னவோ அதற்கு முன்பே கிடைத்திருந்தது. டிஎன்ஜி என்ற பொது வடிவத்தை 2004 செப்டம்பரில் அடோபியே வெளியிட்டு, பிற ரா கோப்புகளை அதற்கு மாற்றும் மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தது. சென்ஸாரின் வண்ண இயல்பு முதலிய விவரங்கள் கோப்போடேயே செல்வதனால், மாதிரிப் பெயரைப் பட்டியலில் தேட வேண்டிய அவசியம் இதில் இல்லை. 2003இன் ஃபோட்டோஷாப் சி.எஸ்.ஸுக்குப் பொருந்தும்படி மாற்றும் வசதியும் அந்த மென்பொருளில் வைக்கப்பட்டது. அவ்வாறு மாற்றுகையில், பேயர் ஏற்பாட்டிலிருந்து விலகிய சென்ஸார்களுக்கு மட்டும் புள்ளிகளை முன்கூட்டியே முழு வண்ணமாக்கி எழுத வேண்டிவரும். அப்போது கோப்பு வெகுவாகப் பருத்துவிடுகிறது. லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ ஆகியவற்றின் காமிராக்கள் பல டிஎன்ஜியை நேராகவே எழுதின. கானன், நிக்கான், சோனி மூன்றும் தத்தம் வடிவங்களை விடவில்லை.

2018இல் கானன் எம்50 காமிராவோடு சிஆர்3 என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகளாகப் புழங்கிய சிஆர்2 என்ற வடிவம், டிஃப் என்ற படக்கோப்பின் அமைப்பைத் தழுவியது. இதுவோ எம்பி4 வீடியோக் கோப்பின் சட்டகத்தைத் தழுவியது. ஆதலால் பெயரை மாற்றும் தந்திரம் இதனிடம் செல்லவில்லை. அதே ஆண்டில் டிசிராவின் கடைசிப் பதிப்பும் வெளிவந்து, காஃபினின் பணி நின்றது. அவருடைய நிரலிலிருந்து கிளைத்த லிப்ரா என்ற நிரல்தொகுப்பு 2020இல் வெளியிட்ட பதிப்பில் சிஆர்3 கோப்புகளையும் படிக்கத் தொடங்கியது.