பாசன ஆறும் புனலாடும் ஆறும்: நொய்யல் பாதுகாப்பு வரலாறு – மங்கலம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நொய்யல் ஆற்றைக் காக்கக் கடந்த முப்பதாண்டுகளில் நடந்த முயற்சிகளுள் பெரும்பாலானவை பாசன உரிமையை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றால் சாயக்கழிவு கட்டுக்குள் வந்தது. ஆயினும் ஆற்றில் மனிதர் இறங்கிக் குளிக்கும் நிலை திரும்பவில்லை. இதற்கான காரணத்தை, ஆற்றை அளந்த அளவுகோலில் இக்கட்டுரை தேடுகிறது. தோழமையோடு நீராடல், பரிசல் ஓட்டல், மலையேறல், கரையோரம் நடத்தல் ஆகியவற்றையும் ஆற்றின் பயன்பாடுகளாகக் கொள்ளும்போது பாதுகாப்பின் இலக்கு எவ்வாறு மாறும் என்பதை மங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நொய்யல், மங்கலம், புனலாட்டு, ஆயக்கட்டு, சாயக்கழிவு, பரிசல், நஞ்சராயன் குளம்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. கோவை நகரைக் கடந்து சூலூர், சாமளாபுரம் வழியாகத் திருப்பூரை அடையும் முன் அது தொடும் ஊர்களுள் ஒன்று மங்கலம். விசைத்தறியும் பின்னலாடைத் தொழிலும் சூழ்ந்த இவ்வூரின் இருப்பிடம் ஆய்வு நோக்கில் குறிப்பிடத்தக்கது. இதற்கு மேலே ஒரு பெருநகரம், கீழே ஒரு தொழில்நகரம். மேலிருந்து வருவது வீட்டுக் கழிவுநீர். கீழே சேர்ந்தது சாயக்கழிவு. நொய்யலைப் பற்றிய வழக்குகளும் எழுத்துகளும் பெரும்பாலும் இரண்டாவதையே பேசுகின்றன. முதலாவது ஏன் அதே அளவுக்குப் பேசப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

காஞ்சித்துறையும் புனலாட்டும்

தமிழ் இலக்கியத்தில் ஆறு முதன்மையாக இரு நிலைகளில் இடம்பெறுகிறது. ஒன்று, வயலுக்கு வளம் தரும் நீர். மற்றொன்று, சுற்றத்தோடும் ஆயத்தோடும் கூடி மகிழும் இடம். வையையின் புதுப்புனலில் மதுரை மக்கள் ஆடியதைப் பரிபாடல் விரிவாகக் காட்டுகிறது. ஆற்றில் புணை தழுவி விளையாடுதல் அகப்பாடல்களில் பலவிடங்களில் வருகிறது. பேய்மகள் இளவெயினி பாடிய புறநானூற்று 11ஆம் பாடலில், மணலில் பாவை செய்து விளையாடும் இளமகளிர் பொருநைப் புனலில் பாய்ந்து ஆடுகின்றனர்.

நொய்யலோடு தொடர்புபடுத்தப்படும் சான்று பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் உள்ளது. செங்குட்டுவனைப் பரணர் பாடிய அப்பத்தின் எட்டாம் பாடல், சுற்றத்தாரோடு உண்டு மகிழ்ந்து புனலாடும் காஞ்சிப் பெருந்துறையைக் குறிக்கிறது. நொய்யலுக்குக் காஞ்சி, காஞ்சிமாநதி என்னும் பெயர்கள் உண்டு. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணம் அதனை அப்பெயராலேயே போற்றுகிறது. இதனைக் கொண்டு பதிற்றுப்பத்தின் துறை நொய்யற் கரையதே என்பாருளர். ஆனால் அப்பாடலில் வரும் ஆறு சேரனின் மலையில் பிறந்து அவனது கடலிலேயே சேர்கிறது. நொய்யலோ காவிரியில் கலக்கிறது. காஞ்சி என்பதை மரப்பெயராகக் கொள்ளவும் இடமுண்டு. எனவே அத்துறை நொய்யலின் துறையே என்று முடிவு கட்ட இயலாது. எனினும், உணவோடும் உறவோடும் ஆற்றங்கரைக்குச் சென்று ஒரு பகலைக் கழித்தல் சேரநாட்டுச் சான்றோர் பாடத்தக்க வாழ்வியல் நிகழ்வாக இருந்தது என்பது உறுதி.

தொல்லியலும் நொய்யலை வெறும் பாசன ஆறாகக் காட்டவில்லை. சென்னிமலைக்கு அருகே அதன் வடகரையில் அமைந்த கொடுமணல், மணிகள் செய்தலிலும் இரும்புத் தொழிலிலும் சிறந்த வணிக ஊராக இருந்ததை 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் வெளிப்படுத்தின. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பாதை நொய்யல் சமவெளியை ஒட்டியது. சுண்டக்காமுத்தூர் அருகே உள்ள ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, அப்பாதையின் முதன்மை சோழர் காலத்திலும் தொடர்ந்ததை உணர்த்துகிறது. ஆற்றை ஒட்டி நடத்தல் இந்நிலத்தில் பழைய பழக்கம். பேரூர்ப் படித்துறையில் ஆடிப்பெருக்கன்றும் ஆடி அமாவாசையன்றும் கூடும் மக்கள் அப்பழக்கத்தின் எஞ்சிய வடிவத்தைக் காத்துவருகின்றனர்.

ஆயக்கட்டு உரிமையும் சாயக்கழிவு வழக்கும்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1980களுக்குப் பின் விரைந்து வளர்ந்தது. சலவைப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் பெருகின. துணிக்குச் சாயம் ஏற்றுவதில் பெருமளவு உப்பு பயன்படுவதால், வெளியேறும் நீரில் நிறத்தைவிடக் கரைந்த உப்பே பெருஞ்சிக்கலாயிற்று. நிறத்தைச் சுண்ணாம்பு முதலியவற்றால் ஓரளவு நீக்கலாம். கரைந்த உப்பை அவ்வாறு நீக்க முடியாது.

இதன் விளைவு ஒரத்துப்பாளையம் அணையில் வெளிப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த இவ்வணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. தண்ணீர் கேட்டுப் போராடும் உழவர்களே, அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை உருவாயிற்று. தமிழகப் பாசன வரலாற்றில் இத்தகைய கோரிக்கை அரிது.

1996இல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2003இல் நொய்யல் ஆறு ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 2004இல் சூழலியல் இழப்பீட்டுக்கான ஆணையம், பாதிக்கப்பட்ட 28 ஆயிரத்திற்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணித்தது. 2006 டிசம்பரில், சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடப்படலாகாது என உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தொழில் வட்டாரத்தில் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என வழங்குவது இதுவே. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டைச் சுட்டி அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர், சவ்வூடு வடிகட்டலாலும் ஆவியாக்கலாலும் நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் ஏற்பாட்டோடு பட்டறைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

இவ்வெற்றி எளிதில் கிடைத்ததன்று. ஏற்றுமதி வருவாயும் பல்லாயிரம் தொழிலாளர் வேலையும் ஒருபுறம் நிற்க, கடைமடை உழவர்கள் பதினைந்தாண்டுகள் போராடிப் பெற்றது. அதே வேளையில் அச்சங்கங்களின் பெயர்கள் கருதத்தக்கவை. கால்வாய், ஆயக்கட்டு என்னும் சொற்களே அவற்றின் அடையாளம். ஆற்றின்மீது உரிமை கோர, அதன் நீர் பாயும் நிலம் சான்றாயிற்று. நிலமில்லாதவர், கரையில் குளித்தவர், மீன்பிடித்தவர் ஆகியோரின் இழப்பு அதே வலிமையோடு பதிவாகவில்லை.

அளவுகோலின் எல்லை

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர்நிலைகளை அவற்றின் உயர்ந்த பயனை ஒட்டி ஐந்து வகுப்புகளாகப் பகுத்தது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்கது முதல் வகுப்பு. திறந்தவெளியில் குளிக்கத்தக்கது இரண்டாம் வகுப்பு. சுத்திகரித்துக் குடிக்கத்தக்கது, மீனுக்கும் காட்டுயிருக்கும் ஏற்றது ஆகியவை அடுத்தவை. பாசனத்திற்கும் தொழிற்சாலைக் குளிர்விப்பிற்கும் உரியது ஐந்தாவது.

இவ்வகுப்புகளுக்கான அளவீடுகளை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். பாசன வகுப்பு காரத்தன்மை, மின்கடத்துதிறன், சோடியத்தின் விகிதம், போரான் ஆகியவற்றைக் கேட்கிறது. அதாவது பயிரையும் மண்ணையும் கெடுக்கும் உப்புகளைக் கேட்கிறது. கழிவுநீரின் அடையாளமான கோலிஃபார்ம் கிருமிகளைப் பற்றியோ உயிரிய ஆக்சிசன் தேவையைப் பற்றியோ அது எதுவும் கேட்பதில்லை. குளிக்கும் வகுப்போ 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் 500க்கு மிகாமலும், உயிரிய ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகாமலும், கரைந்த ஆக்சிசன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது.

நொய்யல் வழக்குகளில் மையமாக நின்ற அளவீடு கரைந்த திடப்பொருள். வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்னும் வரம்பைச் சுற்றியே வாதங்கள் நடந்தன. உழவர்களின் இழப்பு உப்பால் நேர்ந்ததால் அது முறையானதே. ஆயின், உப்பு குறைந்தால் பாசன ஆறு மீண்டுவிடும். வீட்டுக் கழிவுநீர் அதில் ஓடிக்கொண்டிருந்தாலும் அவ்வளவுகோல் அதனைத் தடுக்காது. மங்கலத்தின் நிலை இதுதான். மழைக்காலப் பெருக்கு நீங்கலாக, மேலிருக்கும் நகரத்தின் கழிவுநீரே இங்கு ஆற்றின் ஓட்டமாகிறது. ஒரத்துப்பாளையத்து உழவருக்குக் கிடைத்த தீர்ப்பு மங்கலத்துச் சிறுவனை ஆற்றில் இறக்கிவிடவில்லை.

பிறநாட்டு வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1969இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குயாஹோகா ஆற்றின்மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றியது. அதனையும் ஒரு தூண்டுதலாகக் கொண்டு 1972இல் இயற்றப்பட்ட தூயநீர்ச் சட்டம், மீன் வாழவும் மனிதர் நீந்தவும் தக்க நீர் என்பதை நாட்டின் இலக்காக அறிவித்தது. நீந்துதல் அங்கே பொழுதுபோக்கு மட்டுமன்று, ஆற்றின் நலத்தை அளக்கும் கோலும் ஆயிற்று.

துடுப்பும் மலைநடையும்

நொய்யலில் இயலாத புனலாட்டுக்காக இவ்வட்டார மக்கள் வேறிடம் செல்கின்றனர். காரமடைக்கு மேலே, பவானியின் பில்லூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காட்டில், வனத்துறை பழங்குடி மக்களோடு இணைந்து பரிசல் சுற்றுலாவை நடத்துகிறது. முன்பதிவு செய்து குழுவாக வருவோர் பரிசலில் சென்று, ஊர்ப் பெண்கள் சமைத்த உணவை உண்டு, காட்டு வழியில் நடந்து, ஆற்றில் குளித்துத் திரும்புகின்றனர். வருவாய் ஊராரைச் சேர்வதால், ஆற்றையும் காட்டையும் தூய்மையாக வைத்திருத்தல் அவர்களின் வாழ்வோடு பிணைகிறது. பில்லூர் நீர் கோவையின் குடிநீரும் ஆவதால் ஒரே நீர்ப்பரப்பு தாகத்திற்கும் தோழமைக்கும் பயன்படுகிறது.

நொய்யலின் தோற்றுவாயான வெள்ளியங்கிரியும் நண்பர் குழுக்கள் நாடும் இடமே. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை இசைவுடன் மூங்கில் தடியூன்றி ஏழு மலைகளை ஏறுவோர், ஆறாம் மலையருகே ஆண்டி சுனையில் குளிக்கின்றனர். மலையில் நீராடித் திரும்புவோருக்கு அதே நீர் சமவெளியில் தொடத் தகாததாகிறது. மங்கலம் சாலையில் உள்ள ஆண்டிபாளையம் குளத்தில் படகு சவாரிக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் படகு மனிதரை நீரிலிருந்து பிரித்தே வைக்கிறது. கெட்ட நீரிலும் படகு மிதக்கும். ஆகவே படகு விடுதல் மட்டும் பாதுகாப்பின் சான்றாகாது. நீரைத் தொடலாம் என்னும் நிலையே சான்று.

பறவை நோக்கர்களும் நஞ்சராயன் குளமும்

கூடி நடத்தல் பாதுகாப்பாக மாறியதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. நொய்யலின் துணையாறான நல்லாற்றால் நீர்பெறும் நஞ்சராயன் குளத்தில் திருப்பூர் இயற்கைக் கழகத்தார் முதலிய ஆர்வலர்கள் பல்லாண்டுகள் பறவைகளைக் கண்டு பதிவுசெய்தனர். பட்டைத்தலை வாத்து போன்ற வலசைப் பறவைகளின் வருகை இவ்வாறு அறியப்பட்டது. 2022இல் இக்குளம் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆயக்கட்டு நிலம் இல்லாதவரும் ஒரு நீர்நிலைக்காகப் பேசமுடியும் என்பதை இது மெய்ப்பிக்கிறது. அவர்களது உரிமை பட்டாவால் வந்ததன்று. மீண்டும் மீண்டும் சென்றதால், கண்டதைக் குறித்துவைத்ததால் வந்தது.

முடிவுரை

நொய்யற் பாதுகாப்பின் முதற்கட்டத்தை நிலமுடைய உழவர்கள் பாசன அளவுகோலால் வென்றனர். அதனால் உப்பு கட்டுக்குள் வந்தது. அந்த அளவுகோல் கேளாத கழிவுநீர் எஞ்சியுள்ளது. ஆற்றில் இறங்குவோரின் தேவையே கழிவுநீரைக் கேள்விக்குள்ளாக்கும் என்பது இவ்வாய்வின் முடிவு. மங்கலம், சாமளாபுரம், ஆண்டிபாளையம் ஆகிய இடங்களில் ஆற்றுநீரையும் குளத்துநீரையும் குளிக்கும் வகுப்பின் அளவீடுகளால் மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதிவைத்தல் முதற்படியாகலாம். கரையோரம் நடக்கும் இளைஞர் குழுக்கள் நஞ்சராயன் குளத்துப் பறவை நோக்கர்களைப் போலத் தாம் கண்டதைப் பதிவுசெய்தல் அடுத்த படி. புனலாட்டைச் சங்கப் பாடல்களின் செய்தியாக மட்டும் கற்பிக்காமல், நம் ஆற்றின் நலத்தை அளக்கும் கோலாகவும் கொள்வோமாயின், மேலிருந்து வரும் நீருக்கு மேலிருப்போர் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை மங்கலத்திற்கும் கிடைக்கும்.