அபோகலிப்ஸ் (எக்ஸ்-மென் எதிரி)

அபோகலிப்ஸ், அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் எக்ஸ்-மென் குழுவை எதிர்க்கும் பெரும் வில்லன். இயற்பெயர் என் சபா நூர். ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்துப் பாலைவனத்தில் வளர்ந்து, இன்றுவரை சாகாமல் இருப்பவன். வலியவர் மட்டுமே வாழவேண்டும் என்பது அவன் கொள்கை. பிறவியிலேயே விசேஷ ஆற்றல் பெற்று, அதனாலேயே சமூகம் ஒதுக்கிய மியூட்டன்ட்களுக்கு அடைக்கலம் தரும் குழு எக்ஸ்-மென். இருவருக்கும் நடக்கும் சண்டையின் வேர் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

இந்தப் பாத்திரம் பிறந்தது தொடரின் எழுத்தாளர் மாறியதால். முதல் எக்ஸ்-மென் ஐவரும் மீண்டும் ஒன்றுசேர்ந்த ‘எக்ஸ்-ஃபேக்டர்’ தொடரை எழுதிவந்த பாப் லேடன், ‘அவுல்’ என்ற பழைய வில்லனைக் கொண்டுவர நினைத்திருந்தார். அடுத்து எழுத வந்த லூயிஸ் சைமன்சன் புதிய, வலுவான எதிரி வேண்டும் என்றார். 1986 ஜூன் தேதியிட்ட 5ஆம் இதழின் இறுதியில் நிழலுருவாகவும், 6ஆம் இதழில் ஜாக்சன் கைஸின் ஓவியத்தில் முழுமையாகவும் அபோகலிப்ஸ் தோன்றினான். அறிமுகக் கதையில் எகிப்து இல்லை. 1988இல் அவன் அந்த ஐவரில் ஒருவனான ஏஞ்சலுக்கு உலோகச் சிறகு பொருத்தி, தன் அடியாட்களான நான்கு குதிரைவீரர்களில் ‘மரணம்’ ஆக்கினான். நண்பனையே எதிரியாக நிறுத்திய கதை அது. 1995இல் ‘ஏஜ் ஆஃப் அபோகலிப்ஸ்’ வந்தது. எக்ஸ்-மென் குழுவை நிறுவிய பேராசிரியர் சேவியர் இளமையிலேயே கொல்லப்பட, அபோகலிப்ஸ் வட அமெரிக்காவை ஆளும் மாற்று உலகம் அது. நான்கு மாதங்களுக்கு எல்லா எக்ஸ்-மென் இதழ்களும் பெயர் மாறி அந்த உலகத்தின் கதையையே சொல்லின.

அபோகலிப்ஸின் இளமைக்கதையை 1996இல் ‘ரைஸ் ஆஃப் அபோகலிப்ஸ்’ விரித்துச் சொன்னது. எழுதியவர் டெர்ரி கவனா, வரைந்தவர் ஆடம் பொலினா. சாம்பல் நிறத் தோலுடன் பிறந்ததால் பாலைவனத்தில் எறியப்பட்ட குழந்தையை, பால் என்ற கொள்ளைக்கூட்டத் தலைவன் எடுத்து வளர்க்கிறான். அப்போது எகிப்தை ஆளும் பரோவா ராமா-டுட். இவன் 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 19ஆம் இதழுக்காகப் படைத்த பாத்திரம்; எதிர்காலத்திலிருந்து வந்தவன், ஸ்பிங்க்ஸ் அவனுடைய காலயந்திரம். இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எகிப்தியர் கல்லில் செதுக்கி நிறுத்திய சாதனையை வேற்றுக்கால மனிதன் ஒருவனுக்கு எழுதிக்கொடுப்பது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி. உண்மையான எகிப்து நமக்குத் தூரமானதல்ல. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில், ரோமானியர் ஆண்ட காலத்துப் பானை ஓடுகளில் சாதன், கணன் என்ற பெயர்கள் பழந்தமிழ் எழுத்தான தமிழ்-பிராமியில் கிடைத்திருக்கின்றன.

எகிப்தை மனிதர்கள் வாழும் நாடாகக் காட்டிய பாத்திரம் வில்லனல்ல, எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்ம். 1975இல் லென் வெய்னும் டேவ் காக்ரமும் உருவாக்கியவள். சூயஸ் போரின்போது வீட்டின்மேல் விமானம் விழுந்து பெற்றோரை இழந்த சிறுமி, கெய்ரோ தெருக்களில் திருடிப் பிழைக்கிறாள். இடிபாட்டில் சிக்கிய அந்த நாளின் அச்சம் கடைசிவரை அவளை விடவில்லை. அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டும்.

பிரையன் சிங்கர் இயக்கிய ‘எக்ஸ்-மென்: அபோகலிப்ஸ்’ (2016) திரைப்படம் கி.மு. 3600இல் நைல் சமவெளியில் தொடங்கி, 1983இல் கெய்ரோவுக்குத் தாவுகிறது. அங்கே விழித்தெழும் அபோகலிப்ஸ், இளம் ஸ்டார்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். ஆஸ்கர் ஐசக் வில்லனாக நடித்தார். தடித்த ஒப்பனை அவருடைய முகபாவங்களை மறைத்துவிட்டது. இறுதியில் அவனை அழிப்பது ஒருவரல்ல. எல்லோரும் சேர்ந்து தாக்க, எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே முடித்துவைக்கிறாள்.

2019இல் ஜொனாதன் ஹிக்மன் எழுதிய கதைகளில் மியூட்டன்ட்கள் கிரக்கோவா தீவில் தனிநாடு அமைக்கிறார்கள். பழைய எதிரிகளுக்கும் அங்கே மன்னிப்பு உண்டு. அபோகலிப்ஸ் ஆட்சிக்குழுவில் இடம்பெறுகிறான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மனைவியையும் மக்களையும் தேடும் தந்தையாக 2020இன் ‘எக்ஸ் ஆஃப் சோர்ட்ஸ்’ அவனைக் காட்டியது. 2024இல் வந்த ‘எக்ஸ்-மென் 97’ கார்ட்டூன் தொடரின் முதல் பருவ முடிவில், குழுவில் சிலர் பழங்கால எகிப்துக்குத் தூக்கி எறியப்படுகிறார்கள். அங்கே அவர்களைச் சந்திப்பவன், இன்னும் கொடியவனாகாத இளைஞன் என் சபா நூர்.