தச்சன் வீட்டுச் சிறுவர்

அதியமான் வாயிலில் பரிசில் தாமதமானபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. புலவர்க்கு எத்திசையிலும் சோறு கிட்டும் என்பதற்கு அவர் காட்டும் உவமை, மழுவோடு காடு புகும் தச்சனின் கைத்திறன் மிக்க சிறுவர். ஔவையின் சினத்தையே வகுப்பில் விரிக்கும் நாம் அச்சிறுவரைக் கடந்துவிடுகிறோம். சிறு வயதிலேயே கை தேர்ந்தது எனில், தந்தையின் பட்டறையே அவர்கட்குப் பள்ளி.

87ஆம் பாட்டிலோ, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரே சக்கரத்துக்கு ஒரு மாதம் செலவிடுகிறான். அச்சக்கரம் போன்றவன் அதியமான். அந்தப் பொறுமையையும் மகன் அருகிருந்தே கண்டிருப்பான்.

பிற்காலத்தில் பட்டறை ஒரு குடிக்குள் அடைபட்டது. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் மரச்சிற்பமும் கற்பிக்கப்படுகிறது. எக்குடிப் பிள்ளையும் உளி பிடிக்கலாம். ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம் என்பதைப் பருவத்தேர்வு தாங்குமா என்பதே நம் ஐயம்.