கன்னியா வெந்நீர் ஊற்று: ஏழு கிணறு, ஏழு விதமான சூடு... போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஜப்பானின் 'ஆன்சென்' வெந்நீர்க் குளியல் வீடியோக்களைப் பார்த்து ஏங்குறீங்களா? கோட்டக்குப்பம், மரக்காணம் பக்கம் உப்பளம்தான் உண்டு, வெந்நீர் ஊற்று கிடையாது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் திருகோணமலையில் இருக்கிறது கன்னியா.

எங்கே இருக்கு?

திருகோணமலை நகரத்தில் இருந்து அனுராதபுரம் சாலையில் சுமார் 8 கி.மீ. ஆட்டோவில் போகலாம். 'கிண்ணியா' என்பது வேறு ஊர். ஆட்டோக்காரரிடம் 'கன்னியா வெந்நீர் ஊற்று' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஏன் சுடுது?

இங்கே எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமிக்குள் இருக்கும் வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. ஏழு சிறு கிணறுகளிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

எப்படிக் குளிக்கணும்?

ஆன்சென்னில் முதலில் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, ஆடை இல்லாமல் தொட்டிக்குள் இறங்குவார்கள். கன்னியாவில் அப்படியே தலைகீழ். கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. உடையோடு வெளியே நின்று, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுத்துணி, துண்டு அவசியம். முதலில் காலில் ஊற்றி சூடு பாருங்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இது வெறும் சுற்றுலா இடமா?

இல்லை. தாயின் ஈமக்கடனுக்காக ராவணன் ஏழு இடங்களில் வாளால் குத்தியதால் ஊற்றுகள் பிறந்தன என்பது ஐதீகம். இன்றும் ஈழத் தமிழர்கள் இங்கே அந்தியேட்டி செய்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு பிதிர்க்கடனும் உண்டு. அருகில் யாராவது கலங்கி நின்றால், கேமராவை உள்ளே வையுங்கள்.

சர்ச்சை என்ன?

ஊற்றுகள் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. இங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலத்தில் விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து, 2019 ஜூலையில் தமிழர்கள் போராடினார்கள். அதே மாதம் கட்டுமானத்துக்கு திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

உங்களுக்கு அது அரை மணி நேரக் குளியல். அங்குள்ளவர்களுக்கு, இறந்தவர்களை வழியனுப்பும் இடம். அதை மனசுல வெச்சுக்கிட்டுப் போங்க!