மதீனாவின் மதில்களும் ஒரு பொறியியலாளரின் நிழற்படங்களும்

இஸ்லாமிய நகரங்களின் வரலாற்றை எழுத முனைவோர் பொதுவாக மூன்று வகையான மூலாதாரங்களை நாடுவர். வரலாற்றாசிரியர்களின் நூல்கள், பயணிகளின் குறிப்புகள், வக்ஃபு ஆவணங்கள் என்பனவே அவை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நான்காவது மூலாதாரமொன்றும் இவற்றோடு இணைந்துகொண்டது. அதுவே நிழற்படமாகும். ஆயினும் நம்மிடையே நிழற்படம் நூலை அழகுபடுத்தும் ஒரு பொருளாகவே பெரும்பாலும் நோக்கப்படுகின்றது. அதனை ஓர் ஆவணமாகக் கொண்டு, வரிவரியாக ஒரு நூலை வாசிப்பதுபோல் வாசிக்கும் மரபு இன்னும் நம்மிடம் வேரூன்றவில்லை. புனித மதீனாவின் மதில்களையும் சுற்றுப்புறத்தையும் முதன்முதலில் படம்பிடித்த எகிப்திய அதிகாரி முஹம்மத் ஸாதிக் பேயின் பணியை முன்வைத்து இவ்விடயத்தை இங்கு ஆராய்வோம்.

தொழிலால் படப்பிடிப்பாளர் அல்லர்

ஸாதிக் பே எகிப்திய இராணுவத்தைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர். நில அளவையே அவருடைய துறை. கெய்ரோவில் கல்வி கற்றபின் பாரிஸுக்கு அனுப்பப்பட்டு உயர்கல்வி பெற்றார். முஹம்மத் அலி பாஷாவின் காலத்தில் தொடங்கிய மாணவர் தூதுக்குழு மரபின் பயனாக உருவான தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். படப்பிடிப்பைப் பிழைப்பாகக் கொண்டவரல்லர். கடைத்தெருவில் படக்கூடம் வைத்து உல்லாசப் பயணிகளுக்குப் படங்களை விற்ற ஐரோப்பியர் பலர் அக்காலத்தில் கெய்ரோவில் இருந்தனர். ஸாதிக் பே அவ்வகையினருள் அடங்கமாட்டார். சொந்த ஆர்வத்தினால் கருவியைக் கைக்கொண்டவர் என்றே அவரைக் கூறவேண்டும்.

1861ஆம் ஆண்டு, சயீத் பாஷாவின் ஆட்சிக்காலத்தில், செங்கடற் கரையிலுள்ள அல்வஜ்ஹ் துறைமுகத்திலிருந்து மதீனா வரையிலான தரைவழியை ஆராயும் பணியில் அவர் ஈடுபட்டார். வழியின் தூரம், தங்குமிடங்கள், நீர்நிலைகள், வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது அவரது கடமையாக இருந்தது. அளவைக் கருவிகளுடன் படக்கருவியொன்றையும் அவர் உடன்கொண்டு சென்றார். அப்பயணத்தில் அவர் எடுத்தவையே, இன்று அறியப்பட்டுள்ள வரை, மதீனாவின் முதல் நிழற்படங்களாகும். தமக்கு முன்னர் எவரும் இக்கருவியால் இந்நகரைப் படம்பிடித்ததில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். பின்னர் எழுதிய பயண நூலில் அதனைக் குறிப்பிடவும் தவறவில்லை.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1853இல், ஆங்கிலேயரான ரிச்சர்ட் பர்ட்டன் மாறுவேடத்தில் மதீனாவை அடைந்து, எவரும் காணாதவாறு சில கோட்டோவியங்களை வரைந்துகொண்டு திரும்பினார். ஸாதிக் பேயோ ஒரு முஸ்லிமாக, அரச அதிகாரியாக, வெளிப்படையாகவே நின்று தம் பணியைச் செய்தார். ஒளிந்து பார்த்தவனின் குறிப்புக்கும் உரிமையோடு நின்று பார்த்தவரின் பதிவுக்கும் இடையிலான வேறுபாட்டை இங்கு நாம் கவனிக்கவேண்டும்.

கருவியும் அதன் கட்டுப்பாடுகளும்

அக்காலப் படப்பிடிப்பு இன்றுபோல் விரலசைவில் முடிகின்ற காரியமன்று. 1851இல் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அப்போது வழக்கிலிருந்தது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் திரவத்தைச் சீராகப் பூசி, அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடிக்கவேண்டும். உடனேயே இருட்கூடாரத்தினுள் வைத்து அதனைக் கழுவியெடுக்கவும் வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்தாகவேண்டும். வெப்பமும் புழுதியும் மிகுந்து, தூய நீர் அரிதாகக் கிடைக்கும் ஹிஜாஸ் மண்ணில் இதனைச் செய்து முடிப்பதற்கு எத்துணைப் பொறுமை தேவைப்பட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தொழில்நுட்பத்தை அறியாமல் இப்படங்களை வாசிப்பவர் தவறான முடிவுகளுக்கு வரக்கூடும். தகட்டின்மீது ஒளி படவேண்டிய நேரம் பல விநாடிகள் நீண்டமையால், நடமாடிய மனிதரும் விலங்கும் மங்கலாயினர்; சிலவேளை முற்றாகவே மறைந்தனர். ஆகவே படத்தில் வீதி வெறுமையாகத் தோன்றுவதைக் கொண்டு நகரமே வெறிச்சோடிக் கிடந்தது என எண்ணுதல் பிழையாகும். அவ்வாறே கொலோடியன் நீலநிற ஒளியை மிக எளிதாகவும் பச்சை நிறத்தை மிக அரிதாகவும் ஏற்கும் தன்மையுடையது. எனவேதான் வானம் வெண்மையாகவும் பேரீச்ச மரங்கள் கருமையாகவும் காட்சியளிக்கின்றன. நபிகளாரின் (ஸல்) புனித ரவ்ழாவின் மேலுள்ள குப்பாவுக்கு 1837இல்தான் பச்சை வண்ணம் பூசப்பட்டது. ஸாதிக் பே படம்பிடித்தபோது அவ்வண்ணத்தின் வயது 24 ஆண்டுகளே. ஆயினும் அப்பசுமையை அவரது தகடு பதிந்துகொள்ளவில்லை. எந்த ஆவணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறிந்தவரே அதனைச் சாட்சியாக அழைக்கும் தகுதியுடையவர்.

மதிலின் வரலாறு

மதீனாவின் மதில் ஒரே காலத்தில் எழுந்ததன்று. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் புவைஹி ஆட்சியாளர் அழுதுத் தௌலாவின் காலத்தில் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் நூருத்தீன் ஸன்கி அதனை விரிவாக்கிக் கட்டுவித்தார். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் ஸுலைமான் அல்கானூனி உறுதியான கற்களால் அதனைப் புதுப்பித்தார். நகரின் மேற்கே அல்மனாகா என்ற திறந்த வெளியும், அதற்கப்பால் புறநகரமும், அப்புறநகரைச் சூழ்ந்த வேறொரு மதிலும் இருந்தன. ஒட்டகங்கள் மண்டியிட்டு இறக்கப்படும் இடம் என்பதே மனாகா என்ற பெயரின் பொருள். பாபுஷ் ஷாமி, பாபுல் மிஸ்ரி முதலிய வாயில்களின் பெயர்களே இந்நகரின் உலகத் தொடர்பை எடுத்துரைக்கின்றன.

ஸாதிக் பேயின் படங்களில் இம்மதிலையும், அதற்கு மேலே தலைகாட்டும் வீடுகளையும், மினாராக்களையும், குப்பாவையும் நாம் காண்கின்றோம். எழுதிய நூல்கள் தராத செய்திகள் இங்கே கிடைக்கின்றன. மதிலின் உயரத்துக்கும் வீடுகளின் உயரத்துக்கும் இடையிலான விகிதம் அவற்றுள் ஒன்று. மஸ்ஜிதுந் நபவி நகரின் வீடுகளோடு எவ்வளவு நெருங்கி நின்றது என்பது மற்றொன்று. சுல்தான் அப்துல் மஜீத் 1849ஆம் ஆண்டளவில் தொடங்கிய மஸ்ஜிதின் புனர்நிர்மாணம் நிறைவெய்திய தறுவாயிலேயே ஸாதிக் பே அங்குச் சென்றார் என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது. வரலாற்றாசிரியன் மதிலைக் கட்டிய மன்னனின் பெயரை எழுதுகிறான். அம்மதிலின் நிழலில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு நிழற்படமே சான்று பகர்கின்றது.

நிழலைப் பிடித்துவைத்தல்

உருவங்கள் தொடர்பான மார்க்கத் தீர்ப்பு இவ்விடத்தில் எழும் இயல்பான கேள்வியாகும். உயிருள்ளவற்றை வரைவது பற்றிய ஹதீஸ்களின் அடிப்படையில் அறிஞர்கள் நீண்டகாலமாகக் கருத்து வேறுபட்டு வந்துள்ளனர். கட்டடங்களையும் மரங்களையும் வரைவதில் பெரும்பான்மையோர் தடை காணவில்லை. பிற்காலத்தில் எகிப்தின் முஃப்தியாகப் பணியாற்றிய ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீஈ இதுபற்றித் தனி நூலொன்றையே எழுதினார். கருவியினால் எடுக்கப்படும் படம், படைத்தலுக்கு ஒப்பான செயலன்று. அது நிழலைப் பிடித்துவைத்தல் மட்டுமே என்பது அவர் முன்வைத்த வாதம். இதற்கு மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உளர். தமிழில் நாம் நிழற்படம் என வழங்கும் சொல்லும் இதே கருத்தைத் தன்னகத்தே கொண்டிருப்பது சிந்தனைக்குரியது.

1880இல் மீண்டும்

1880ஆம் ஆண்டு எகிப்திய ஹஜ் பயணக்குழுவின் நிதிப் பொறுப்பாளராக ஸாதிக் பே மீண்டும் ஹிஜாஸ் சென்றார். ஆண்டுதோறும் மஹ்மலுடன் அனுப்பப்படும் அறக்கொடைகளை உரியவர்களிடம் ஒப்படைப்பது அப்பதவிக்குரிய கடமையாகும். இம்முறை மக்காவின் ஹரம் ஷரீஃபையும், மினா, அரஃபா ஆகிய இடங்களையும் அவர் படம்பிடித்தார். மக்காவின் முதல் நிழற்படங்களாக அறியப்படுபவை இவையே. ஒரே தகட்டில் அடங்காத காட்சிகளைப் பகுதி பகுதியாக எடுத்து அருகருகே இணைத்து அகன்ற காட்சிகளாக்கினார். நில அளவையாளரின் கண்ணும் கையும் இதில் வெளிப்படுகின்றன. 1881இல் வெனிஸ் நகரில் நடைபெற்ற புவியியற் கண்காட்சியில் இப்படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மஷ்அலுல் மஹ்மல், தலீலுல் ஹஜ் முதலிய நூல்களில் தம் பயணங்களை அவர் பதிந்துவைத்தார். 1902இல் இறையடி சேர்ந்தார்.

அவரை அடுத்து, மக்காவைச் சேர்ந்த மருத்துவரான அஸ்ஸெய்யித் அப்துல் கஃப்பார் 1880களில் தம் ஊரைத் தாமே படம்பிடித்தார். 1885இல் மக்காவில் தங்கியிருந்த டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்குரோன்யே, 1889இல் வெளியிட்ட தொகுப்பில் அம்மருத்துவரின் படங்களைச் சேர்த்துக்கொண்டார். ஆயினும் எடுத்தவரின் பெயர் அதில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. நீண்டகாலம் அவை ஸ்னூக்கின் படங்களாகவே அறியப்பட்டன. தன் ஊரின் சுவரைப் பதிந்துவைத்த கையின் பெயர் மறைந்துபோவதும் ஒருவகை இழப்பேயாகும்.

எஞ்சியவை யாவை?

ஸாதிக் பேயின் படங்கள் எடுக்கப்பட்ட பின்னர் மதீனா பல மாற்றங்களைக் கண்டது. 1908இல் ஹிஜாஸ் இருப்புப்பாதை நகரை எட்டியது. முதலாம் உலகப் போரின்போது நகரம் முற்றுகைக்குள்ளாகி, 1919வரை துன்புற்றது. மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதில்கள் அகற்றப்பட்டன. 1950களிலும், மீண்டும் 1985 முதல் 1994 வரையிலும் மஸ்ஜிதுந் நபவி விரிவாக்கப்பட்டபோது பழைய நகரின் பெரும்பகுதி அவ்விரிவினுள் அடங்கிற்று. மக்காவில் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய கட்டடத் தொகுதி எழுந்தது.

யாத்திரிகர்களின் தொகை பன்மடங்கு பெருகிய காலத்தில் இடவசதியை விரிவாக்கும் தேவையை எவரும் மறுக்க முடியாது. கல்லும் சுண்ணாம்பும் வணக்கத்துக்குரியனவல்ல என்பதும் நம் அடிப்படைக் கோட்பாடாகும். அதேவேளை, ஒரு சமூகம் தன் கடந்தகாலத்தை அறிவதற்கு அக்கல்லும் சுண்ணாம்பும் சாதனங்களாகும் என்பதையும் மறந்துவிடலாகாது. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவை நோக்குமாறு திருக்குர்ஆன் பன்முறை நம்மை ஏவுகின்றது. நோக்குவதற்கு எதுவும் எஞ்சியிராவிடில் அக்கட்டளையை எங்ஙனம் நிறைவேற்றுவது? கட்டாயத்தால் அகற்றப்படும் ஒன்றை, அகற்றுமுன் அளந்தும் வரைந்தும் படம்பிடித்தும் வைப்பது பாதுகாப்பின் மிகக் குறைந்த படித்தரமாகும். மதீனாவைப் பொறுத்தவரை, இப்பணியை ஒரு தனிமனிதர் மதில் இடிக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, எவரும் பணிக்காமலே தொடங்கிவைத்தார்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. ஸாதிக் பே தம் படங்களை எடுத்தபோது மதில் அழியப்போகின்றது என அறிந்திருக்கவில்லை. அவர் கண்முன்னே அது அன்றாடக் காட்சியாக, உறுதியாகவே நின்றது. அழிவின் விளிம்பில் நிற்பதை மட்டும் பதிவு செய்வோம் என்று காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். பாய்க்கப்பலிலும் நீராவிக்கப்பலிலும் ஹஜ்ஜுக்குச் சென்ற நம் முன்னோர் அம்மதில்களின் வாயில் வழியாகவே மதீனாவினுள் நுழைந்தனர். அவர்கள் கண்டதை நாம் காண்பதற்கு இன்று எஞ்சியுள்ள வழிகளுள் சிறந்தது அந்தப் பொறியியலாளரின் கண்ணாடித் தகடுகளேயாகும்.

ஆகவே பழைய சுவரொன்றின் முன்னே கருவியோடு நிற்கும் ஆர்வலனை வீண்வேலை செய்பவனாகக் கருதுவது பொருந்தாது. எடுத்த படத்தின் கீழே இடம், நாள், நோக்கிய திசை ஆகிய மூன்றையும் அவன் எழுதிவைப்பானாயின், அவன் செய்வது வரலாற்றுப் பணியே. அப்படத்தின் மதிப்பை அவனது தலைமுறை அறியாதிருக்கலாம். சுவர் மறைந்த பின்னர் வரும் தலைமுறை அதனை நிச்சயம் அறியும்.