ஞாயிறு வேலை நாளாக இருந்த காலம்

"வெள்ளிக்கிழமை வந்தால் உங்கட ஆக்களுக்கு மட்டும் சலுகை" என்றார் தன்னாமுனை நண்பர் ஒருவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பகிடியாகத்தான் சொன்னார். அன்று நானும் சிரித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டேன்.

1966 ஜனவரியில் டட்லி சேனநாயக்க அரசு சனி, ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டது. மாதத்தின் நான்கு போயா தினங்களும் அவற்றுக்கு முந்திய நாளும் வார விடுமுறையாயின. சந்திரக் கணக்கு என்பதால் லீவு எந்தக் கிழமையிலும் வரும். சில வாரங்கள் ஒரு நாள் நீண்டன. ஞாயிறு பெரும்பாலும் வேலை நாள். கத்தோலிக்க உத்தியோகத்தர் பூசைக்குப் போக நேரம் தேட வேண்டியிருந்தது. வெளிநாட்டு வணிகத்துக்கும் இடைஞ்சல். 1971இல் சிறிமாவோ அரசு பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவந்தது. முழுமதிப் போயா லீவு மட்டும் நிலைத்தது.

2022 ஜூனில் எரிபொருள் இல்லை. அரச ஊழியர் பலரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். பயிர் செய்வதற்கென்று மூன்று மாதத்துக்கு வெள்ளி லீவும் கொடுத்தார்கள். அதை எந்த மதத்தின் சலுகை என்றும் யாரும் சொல்லவில்லை.

நண்பரே, ஞாயிறும் ஒரு மதத்தின் நாள்தான். வெள்ளையர் காலத்திலிருந்து பழகிவிட்டதால் சலுகையாகத் தெரிவதில்லை. அந்த ஐந்தரை வருடம் உங்கள் பெரியவர்கள் தேடிய அதே நேரத்தைத்தான் நாங்கள் வெள்ளி நண்பகலில் கேட்கிறோம்.